மாப்பிள்ளைக்கு, கழுதை ஆட்டம் பற்றி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பொங்கலன்று மூன்று ஆட்டம் தொடர்ந்து கழுதையாகி, "எனக்கு மட்டும் கெட்ட சீட்டாவே வருது மாமா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாய். வீடு நிறைய ஆட்கள் இருந்ததால் உன்னை உட்கார வைத்துப் பேச முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். நீ போட்டுவிட்டுப் போன சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். டைமன் ஏஸ் அதில் இருந்தது. அது ஏன் கடைசிவரை உன் கையிலேயே கிடந்தது?

நீ யூனோ ஆடிப் பழகியவன். 1971-ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் மெர்ல் ராபின்ஸ் என்ற முடிதிருத்துநர் உருவாக்கிய ஆட்டம் அது. அதில் யார் முதலில் கையைக் காலி செய்கிறாரோ அவருக்கு வெற்றி. கழுதையில் யார் முதலில் கையைக் காலி செய்து தப்பினார் என்பதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை, கடைசியில் சீட்டோடு மாட்டிக்கொள்ளும் ஒருவர்தான் கணக்கு, அவர்தான் கழுதை. ரஷ்யாவில் 36 சீட்டில் ஆடும் துராக்கும் இப்படித்தான். துராக் என்றால் முட்டாள் என்று பொருள். எனவே அவசரம் வேண்டாம். மூன்றாவதாகத் தப்பினாலும் தப்பித்ததுதான்.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். நாலு பேர், ஆளுக்கு 13 சீட்டு. ஆர்ட்டின், டைமன், கிளாவர், ஸ்பேடு என்று நாலு இனம், ஒவ்வொன்றிலும் 13. இறக்கிய இனத்தையே எல்லாரும் போட்டுவிட்டால் அந்தச் சீட்டுகள் கவிழ்ந்து ஒதுங்கிவிடும், பெரிய சீட்டு போட்டவர் அடுத்து இறக்குவார். யாரிடமாவது அந்த இனம் இல்லாமல் வேறு இனத்தைப் போட்டால் அதுதான் வெட்டு. அதுவரை பெரிய சீட்டு போட்டிருப்பவர் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ள வேண்டும்.

இப்போது எண்ணிப் பார். முதல் சுற்றில் நாலு ஆர்ட்டின் போகும், இரண்டாவதில் இன்னும் நாலு. மிச்சம் அஞ்சு. அந்த அஞ்சும் நாலு கையிலும் இருக்கும் என்று நம்ப முடியாது, மூன்றாவது சுற்றில் வெட்டு விழவே வாய்ப்பு அதிகம். நீ என்ன செய்தாய்? முதலில் 4, அப்புறம் 7 போட்டாய். ராஜாவைப் பத்திரமாக வைத்துக்கொண்டாய். மூன்றாவது தடவை ஆச்சி 6 இறக்க, நான் 9 போட, உன்னிடம் ராஜாவைத் தவிர வேறு ஆர்ட்டின் இல்லை. உன் அம்மா கிளாவர் ராணியால் வெட்டினாள். இந்த ஆட்டத்தில் பெரிய சீட்டு பலம் இல்லையடா, சுமை. எல்லார் கையிலும் அந்த இனம் இருக்கும்போதே, முதல் சுற்றிலேயே இறக்கி வைத்துவிட வேண்டும்.

ஆனால் அந்த நாலு சீட்டை அள்ளியது பெரிய தப்பில்லை. எனக்கு மனசு கேட்காதது அதற்கு அடுத்தது. கோபத்தில் அந்த 9-ஐயே திரும்ப இறக்கினாய். உனக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவள் உன் அம்மா. அவளிடம் ஆர்ட்டின் இல்லை என்று அரை நிமிடத்துக்கு முன்புதான் எல்லாரும் பார்த்தோம்! மறுபடி வெட்டினாள், மறுபடி அள்ளினாய். டைமன் அதுவரை ஒரு தடவைகூட இறங்கியிருக்கவில்லை. அந்த இடத்தில் டைமன் ஏஸைப் போட்டிருந்தால் அநேகமாக ஒருவரும் வெட்டியிருக்க முடியாது. உன் சுமையில் பெரியது போயிருக்கும்.

வெட்டு விழும்போது உன் சீட்டைப் பார்க்காதே, வெட்டியவர் முகத்தைப் பார். "இவரிடம் இந்த இனம் இல்லை" என்று மனசுக்குள் ஒரு தடவை சொல்லிக்கொள். எனக்கு ஆச்சி இப்படித்தான் சொல்லிக்கொடுத்தாள். அடுப்புக்கும் திண்ணைக்கும் நடந்துகொண்டே ஆடுவாள், ஆனாலும் யாரிடம் எது தீர்ந்தது என்று கேட்டால் உடனே சொல்வாள். காசு வைத்து ஆட அவள் யாரையும் விட்டதில்லை, நீயும் வைக்காதே.

ராத்திரி அம்மாவோடு உட்கார்ந்து, நாலு கைக்கும் சீட்டைப் போட்டு எல்லாவற்றையும் திறந்து வைத்து மெதுவாக ஆடிப் பார். எந்தச் சுற்றில் யாரிடம் எது தீர்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். நாலைந்து நாள் ஆடினால் போதும்.

லீவு விட்டதும் வந்துவிடு. இங்கே இருக்கும் சீட்டுக்கட்டில் ஸ்பேடு ரெண்டின் மூலை மடிந்துபோய், பின்பக்கம் பார்த்தாலே தெரிகிறது. வரும்போது புதுக்கட்டு ஒன்று வாங்கி வா.

அன்புடன்,
மாமா