நெரையை விட்டுட்டுப் போகாதே

ஹட்டன்
ஞாயிறு இரவு

அன்பு மச்சான்,

மூணு மாசமா உன் மெசேஜுக்குப் பதில் போடாதவன் இப்ப கடிதமே எழுதுறானேன்னு சிரிக்காதே. போன்ல சொன்னா நீ பாதியிலேயே "சரி சரி"ன்னு வச்சிருவே. வீட்ல எல்லாரும் சுகம். மழை விட்டபாடில்ல. அம்மாவுக்கு மூட்டுவலி அப்படியேதான்.

நீ கிளாஷ் ஒஃப் கிளான்ஸ் இறக்கிட்டேன்னு கட்டையன் சொன்னான். ஊரைக் கட்டி, படை சேர்த்து அடுத்தவன் ஊரை அடிக்கிற அந்தக் கேம் அன்ட்ரொயிட்டுக்கு 2013லயே வந்ததுடா! பஸ்ஸை விட்டுட்டு ஓடுறது உனக்குப் புதுசா என்ன? பரவாயில்ல, எங்க கிளான்ல, அதாவது கேமுக்குள்ள நாங்க சேர்ந்து ஆடுற குழுவுல, இடம் இருக்கு. ஒரு கிளான்ல 50 பேர் வரைக்கும் சேரலாம், நாங்க அதுல பாதிக்குக் கொஞ்சம் மேல.

முதல்ல கேமுக்குள்ள உன் ஊர்ல இடிஞ்சு கிடக்கிற கிளான் கோட்டையைக் கட்டு. 10,000 தங்கம் போகும். அது இல்லாம எந்தக் கிளானும் உன்னைச் சேர்க்க முடியாது. அடுத்தது, செட்டிங்ஸ்ல போய் சுப்பர்செல் ஐடியை (கேம் கம்பெனிக்காரன் தர்ற கணக்கு) உன் ஈமெயிலோட இணைச்சிரு. போன் ஆத்துல விழுந்தாலும் ஊர் பத்திரமா இருக்கும். (உன் போன் ஆத்துல விழும்னு எனக்கு நம்பிக்கை இருக்கு.) அப்புறம் எங்க கிளானைப் பேரை வச்சுத் தேடாதே, அதே பேர்ல எத்தனையோ கிடக்கு. ஹாஷ் குறியோட தொடங்குற டேக் ஒண்ணு அனுப்புறேன், அதைப் போட்டுத் தேடு. விண்ணப்பத்துல நீ யாருன்னு ஒரு வரி எழுது. ஒண்ணும் எழுதாம வர்றவனை நாங்க எடுக்கிறதில்ல.

உன் கோட்டைக்குள்ள வைக்கிற படையைக் கிளான்காரங்ககிட்டக் கேட்டு வாங்கலாம், ஆனா வந்த முதல் நாளே டிராகன் வேணும்னு கேட்காதே. முதல் லெவல் கோட்டையில 10 இடம்தான், ஒரு டிராகனுக்கு 20 வேணும். கோட்டை மூணாம் லெவலுக்குப் போனாத்தான் ஒண்ணாவது நுழையும். கேட்கும்போது எது வேணும்னு எழுதிக் கேள். சும்மா பட்டனை அமுக்கினா ஆளாளுக்குக் கையில கிடைச்சதைப் போட்டு நிரப்பிருவாங்க, அப்புறம் வாயைத் திறக்காதே.

இனி வார், அதாவது இன்னொரு கிளானோட போடுற சண்டை. இதுக்காகத்தான் இந்தக் கடிதமே.

நாங்க வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குத் தேடல் போடுறோம். எதிரி கிடைச்சதும் 23 மணித்தியாலம் ஆயத்தம், அதுக்குப் பிறகு 24 மணித்தியாலம் சண்டை. ஆக சனி பின்னேரம் ஏழிலிருந்து ஞாயிறு பின்னேரம் ஏழு வரைக்கும். கட்டார்ல இருக்கிற நம்ம பொடியன்களுக்கு அது நாலரை, அவங்களுக்கும் தோதான நேரம். கோட்டைக்குக் காவல் படை போடுறதெல்லாம் ஆயத்த நாளோட சரி, சண்டை தொடங்கினதும் அது பூட்டு. வார்ல உன்னை எவன் அடிச்சாலும் உன் தங்கம் ஒரு பொட்டும் போகாது, பயப்படாதே.

ஆளுக்கு ரெண்டு அட்டாக். பாதி ஊரை இடிச்சா ஒரு நட்சத்திரம், ஊர் நடுக்கட்டடமான டவுன் ஹோல் விழுந்தா ஒண்ணு, முழுசும் தரைமட்டம்னா மூணாவது. எதிர்ப்பக்கம் உன் நம்பர்ல இருக்கிறவன்தான் உன் நெரை, மலையில கொழுந்தெடுக்க ஆளுக்குப் பிரிச்சுத் தர்ற தேயிலை வரிசை மாதிரி. முதல் அட்டாக்கை அங்க போடு. ஒருத்தன் ஒரே ஊரை ரெண்டாவது தடவை அடிக்க முடியாது, இதை நல்லா மனசுல வை. நீ ரெண்டு நட்சத்திரத்தோட விட்ட ஊரை வேற ஒருத்தன் வந்துதான் துடைக்கணும், அவன் விட்டதை நீ. ஒரு ஊர்ல எத்தனை பேர் அடிச்சாலும் அதிகமா எடுத்த நட்சத்திரம் மட்டும்தான் கணக்கு. ஏற்கனவே மூணும் விழுந்த ஊரை மறுபடி அடிக்கிறது கவ்வாத்து வெட்டி மொட்டையாக்கின தேயிலை மலையில கொழுந்து தேடுற மாதிரி. அதனால வாட்ஸப் குரூப்ல "ஏழாம் நம்பர் எனக்கு"ன்னு சொல்லிட்டு இறங்கு.

எங்களுக்குத் தோல்வி பெரிசில்ல. ஒரு நட்சத்திரம்கூட எடுக்காதவனை யாரும் ஏசினதில்ல. எரிச்சல் வர்றது போடாத அட்டாக்குக்குத்தான். பத்துப் பேர் வார்ல இருபது அட்டாக், எடுக்க வேண்டியது முப்பது நட்சத்திரம். மூணு பேர் காணாமப் போனா மிச்சம் பதினாலு. துடைக்க ஆளே இருக்காது. தொடங்கின பிறகு அவங்களுக்குப் பதிலா வேற ஆள் போடவும் வழியில்ல. ஒரு அட்டாக்கை மட்டும் போட்டுட்டு ஓடுறவனுக்கு எங்க குரூப்ல, தோட்டத்துல அரைநாள் வேலைக்குப் போடுற கணக்கு மாதிரி, "அரைப்பேர்"னே பேர் விழுந்திருச்சு. நீ ஓடுற ஆள்னு எனக்குத் தெரியும், மச்சான். பள்ளிக்கூட வொலிபோல் டீமை மறந்துட்டியா?

வரமுடியாதுன்னா அதுல வெட்கம் ஒண்ணுமில்ல. உன் புரொஃபைல்ல கேடயம் ஒண்ணு இருக்கும், அதைச் சிவப்பாக்கிரு. தலைவர் ஆள் பொறுக்கும்போது அதைப் பார்ப்பார். கல்யாண வீடு, கைக்காசு வேலை, எது வந்தாலும் வெள்ளி எட்டு மணிக்கு முன்னால சிவப்பு. வார் அஞ்சு, பத்து, பதினஞ்சுன்னுதான் போகும். ஒன்பது பேர் மட்டும் பச்சையா இருந்தா அஞ்சு பேர் வார்தான் போடுவோம். அதுல எந்த நாலு பேரை விடுறதுன்னு சண்டை வரும், அது வேற கதை.

முதல் அட்டாக்கை ஞாயிறு காலைக்குள்ள முடி. மத்தியானம் தாண்டினா நம்ம பக்கம் மழை, மழைன்னா கரண்ட் இல்ல, கொஞ்ச நேரத்துல சிக்னலும் இல்ல. அட்டாக் மூணு நிமிஷம்தான், ஆனா ஒரு படையை இறக்கிட்டா திரும்ப எடுக்க முடியாது. நடுவுல லைன் அறுந்தா நீ இறக்கினது தானாச் சண்டை போடும், இறக்காதது வீண்.

வாரைத் தவிர இன்னும் ரெண்டு இருக்கு. எல்லாரும் சேர்ந்து வேற கிளானோட தலைநகரத்தை மாவட்டம் மாவட்டமா இடிக்கிற கிளான் தலைநகர ரெய்டு வெள்ளி பகல் பன்னிரண்டரைக்குத் தொடங்கி திங்கள் அதே நேரம் முடியும். ஆளுக்கு அஞ்சு அட்டாக், ஒரு மாவட்டத்தைக் கடைசியா விழுத்துறவனுக்கு இன்னொண்ணு இனாம். இதுல ஒருத்தன் இடிச்சது அப்படியே இடிஞ்சே இருக்கும், அடுத்தவன் மிச்சத்துல இருந்து தொடரணும். பாதியில கிடக்கிறதை முடிக்காம புது மாவட்டத்தைத் தொடாதே. மாசம் 22ஆம் திகதி தொடங்குற கிளான் கேம்ஸ் லேசு, சின்னச் சின்ன வேலை முடிச்சுப் புள்ளி சேர்க்கிறதுதான்: ஆளுக்கு 4,000 புள்ளி, மொத்தம் 50,000 வந்தா முழுப் பரிசு. பதின்மூணு பேர் ஒழுங்காச் செஞ்சாப் போதும், அந்த ஒரு கிழமை மட்டும் நாங்க யாரையும் நச்சரிக்கிறதில்ல.

சின்னவனும் உன் போன்ல விளையாடுவான்னு நினைக்கிறேன். அவன்கிட்ட இதை விளையாட்டாச் சொல்லாதே: ஈமெயிலுக்கு வர்ற ஆறு இலக்கக் கோடை எவன் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. கிளான்ல இருக்கிறவன் கேட்டாலும் சரி, என் பேரைச் சொல்லிக் கேட்டாலும் சரி. கொடுத்தா ஊர் போயிரும். அட்டையில காசு கட்டி ஜெம் (கேமுக்குள்ள செலவழிக்கிற கல்லு) வாங்குற வழியையும் பாஸ்வேர்ட் போட்டு அடைச்சிரு, ஒரு விரல்தட்டுல ஒரு நாள் சம்பளம் போயிரும்.

டேக்கை நாளைக்கு அனுப்புறேன். இந்த வெள்ளிக்கு நீ வேணாம், சிவப்புல இருந்து பார். அடுத்த வெள்ளி உன்னைக் கடைசி நம்பர்ல போடுறேன். டீச்சரம்மா மகன் உனக்கு மேல இருப்பான், அவன் விடுறதை நீதான் துடைக்கணும். அவன் நிறையவே விடுவான்.

உன்
மச்சான்