முன்பணம் கொடுப்பதற்கு முன்

தாம்பா
ஞாயிறு இரவு

அன்புள்ள ராகவா,

இங்கே எல்லோரும் நலம். சித்திரைக்குப் பிறகு நான் எழுதவே இல்லை என்ற உன் கோபம் நியாயமானது. நேரில் வந்து வாங்கிக்கட்டிக்கொள்கிறேன். இப்போது அவசரம். கால்வெஸ்டனில் ஒரு பழைய படகைப் பிடித்துப்போய், வெள்ளிக்கிழமை முன்பணம் கொடுக்கப் போகிறாய் என்று சுமதி சொன்னாள். கொடுக்காதே, முதலில் இதைப் படி.

போன வாரம் நானும் ஒன்றைப் பார்க்கப் போனேன். 19 அடி, ஃபைபர் உடல், 150 குதிரைத்திறன் எஞ்சின். முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. மெத்தை புதிது. ஏறி உட்கார்ந்த என் மகள் இறங்க மறுத்துவிட்டாள். கையில் காசோலை இருந்தது.

துணைக்கு வந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் படகு பழுதுபார்த்தே தலை நரைத்தவர். மெத்தையை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராகப் பின்னால் போய், எஞ்சினைத் தாங்கும் பின்சுவரைச் சின்னப் பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார். ஓரத்தில் ‘டக், டக்’. எஞ்சின் போல்ட்டை நெருங்கியதும் ‘தொப்’. சந்தையில் உன் அம்மா பானையைச் சுண்டிப் பார்த்து ஒதுக்கிவைப்பார்களே, அந்தச் சத்தம். பிறகு எஞ்சினைச் சாய்த்துத் தூக்கி நிறுத்தி, அதன் அடிப்பாகத்தை இரு கையாலும் அழுத்தினார். சுவர் அசைந்தது. போல்ட் துளையிலிருந்து பழுப்பு நீர் மெல்ல வழிந்தது. உள்ளே இருந்த ஒட்டுப்பலகை நீர் குடித்து மக்கிவிட்டது, ராகவா. அதில் தொங்குவதோ 200 கிலோ எஞ்சின். என் மகள் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த படகு அது. அன்றிரவு எனக்குத் தூக்கமே இல்லை.

நீயும் தட்டிப் பார். கயிறு கட்டும் கட்டைகளுக்கு அடியில் கையை விட்டுத் தடவு. போல்ட்டும் நட்டும், அகலமான உலோகத் தகடும் தட்டுப்பட வேண்டும். திருகாணி முனை குத்தினால் விட்டுவிடு. ஏதாவது ஒரு ஒயரின் நுனியைப் பார். வெள்ளீயம் பூசிய செம்பு என்றால் வெள்ளியாக மின்னும். வெறும் செம்பு உங்கள் உப்புக்காற்றில் கறுத்துவிடும்.

1961இல் பாஸ்டன் வேலர் என்ற படகு நிறுவனத்தின் நிறுவனர் டிக் ஃபிஷர், தான் உட்கார்ந்திருந்த 13 அடிப் படகையே இரண்டாக அறுக்கச் செய்து, எஞ்சின் இருந்த பாதியை ஓட்டிக்கொண்டு போனார். அந்தப் படங்களை ‘லைஃப்’ பத்திரிகை வெளியிட்டது. படகின் ஃபைபர் தோலுக்குள் முழுக்க ஃபோம் நிறைத்திருந்ததால் பாதிப் படகும் மிதந்தது. எனக்கு அந்த மனிதர்மேல் அப்படி ஒரு மரியாதை. உள்ளே என்ன இருக்கிறது என்று அறுத்தே காட்டிவிட்டார்! உனக்கு விற்பவரோ அடித்தளத்து மூடியைத் திறக்கவே தயங்கினாராமே. சுமதி அதையும் சொன்னாள்.

படகைச் சோதித்துச் சொல்லும் சர்வேயரை நீயே தேடிப் பிடி, விற்பவர் கைகாட்டும் ஆள் வேண்டாம். தண்ணீரில் ஓட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே. ஓட்டிப் பார்க்காமல் வாங்கிய செந்திலின் ஸ்கூட்டரை நினைத்துக்கொள்.

வியாழன் இரவு கூப்பிடு. எத்தனை மணியானாலும் விழித்திருப்பேன்.

அன்புடன்,
குமரன்