கை நடுங்கினாலும் அழைத்துச் சொன்னவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். எங்கள் குழந்தைகள் பாதுகாப்புக் கூட்டமைப்பு தொடங்கி ஏழு ஆண்டுகள் நிறைவடைகின்றன. ஒவ்வோர் ஆண்டறிக்கையின் கடைசிப் பக்கத்திலும் "ஒத்துழைப்பு நல்கிய அனைவருக்கும் நன்றி" என்று ஒற்றை வரி எழுதுவது எங்கள் வழக்கம். அந்த வரியை எழுதும்போதெல்லாம் அது போதாது என்று உறுத்திக்கொண்டே இருந்ததால், இம்முறை தனியாக இந்த மடலை எழுதுகிறேன். இதில் யாருடைய பெயரும் இல்லை. உதவியவரின் பெயரைச் சொன்னால் இடம் தெரிந்துவிடும். இடம் தெரிந்தால் குழந்தை யார் என்பதும் தெரிந்துவிடும். அதே காரணத்துக்காகச் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். ஆனாலும் படிக்கும்போது, "இது நான்தான்" என்று உங்களுக்குத் தெரியும்.

முதல் நன்றி, தொலைதூரப் பேருந்தில் பணிபுரியும் அந்த நடத்துநருக்கு. ஓர் இரவு வண்டியில் பதினான்கு வயது மதிக்கத்தக்க சிறுமி ஒருத்தி, நடுத்தர வயதுக்காரர் ஒருவருடன் ஏறினாள். எங்கே இறங்க வேண்டும் என்று அவளைக் கேட்டதற்கு அவர் பதில் சொன்னார். பெயரைக் கேட்டதற்கும் அவரே சொன்னார். தான் அவளுடைய சித்தப்பா என்றார். அவளுடைய பை அவர் மடியில் இருந்தது. வண்டி வழியில் நின்று அவர் கீழே இறங்கிய சிறு நேரத்தில், நடத்துநர் தன்னிடமிருந்த தண்ணீர் பாட்டிலை அவளிடம் நீட்டி, "உங்க சித்தப்பா பேர் என்னம்மா?" என்று இயல்பாகக் கேட்டார். அவள் பாட்டிலை வாங்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

நடத்துநர் சத்தம் போடவில்லை. அந்த மனிதரிடம் சண்டைக்கும் போகவில்லை. பயிற்சியின்போது நாங்கள் கொடுத்த அட்டையின் பின்புறத்தில் இருந்த உதவி எண்ணை அழைத்து, வண்டி எண்ணையும் அடுத்த நிறுத்தத்தை அடையும் நேரத்தையும் மட்டும் சொன்னார். அடுத்த நிறுத்தத்தில் பெண் காவலர் ஒருவரும் எங்கள் சமூகப் பணியாளரும் சீருடை இல்லாமல் காத்திருந்தார்கள். பிறகு ஒருநாள் அவர் என்னிடம், "நிஜமாகவே அவர் சித்தப்பாவாக இருந்துவிட்டால் என்ன ஆவது என்று போன் பண்ணும்போது கை நடுங்கியது" என்றார். குழந்தையைப் பார்த்தும் பேசாமல் கடந்துபோகிறவர்களில் பலரைத் தடுப்பது இந்த நடுக்கம்தான். நாங்கள் நடத்தும் பயிற்சிகளின் நோக்கத்தை ஒரு வரியில் கேட்டால், அந்த நடுக்கத்தோடும் எண்ணை அழுத்த வைப்பது என்றே சொல்வேன்.

கடத்தல் என்ற சொல்லைக் கேட்டதும், வாயைப் பொத்தி வண்டியில் தூக்கிப்போடும் காட்சிதான் நம் மனத்தில் எழுகிறது. எங்களிடம் வந்த குழந்தைகளில் பெரும்பாலோர் தெரிந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு, நல்ல உடை உடுத்தி, வேலையையோ படிப்பையோ நம்பிப் புறப்பட்டவர்கள். இதை எங்களுக்கு உறைக்கும்படி சொன்னவர்கள், மீண்டு வந்து இப்போது எங்கள் ஆலோசனைக் குழுவில் இருக்கும் இளையவர்கள். சங்கிலியில் பிணைத்த கைகளை அச்சிட்ட எங்கள் முதல் சுவரொட்டியைப் பார்த்து அவர்களில் ஒருவர், "என் கையில் சங்கிலி இருந்ததே இல்லை. அந்த நாட்களில் இதைப் பார்த்திருந்தால் வேறு யாருக்கோ சொல்கிறார்கள் என்று நினைத்திருப்பேன்" என்றார். சுவரொட்டியை அன்றே எடுத்துவிட்டோம். அந்தப் பேச்சுக்கு அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

பேருந்தில் வந்த சிறுமியும் "நானாகத்தான் வந்தேன்" என்றே முதலில் சொன்னாள். அந்தச் சொல்லைக் கேட்டு விலகிவிடக் கூடாது என்பதை நடத்துநர்களுக்கும், விடுதி வரவேற்பறை ஊழியர்களுக்கும், மருத்துவமனையின் இரவுப் பணியாளர்களுக்கும் கட்டணம் வாங்காமல் பொறுமையாக விளக்கிய வழக்கறிஞருக்கு என் நன்றி. ஆள்கடத்தலைத் தடுக்க 2000-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற பலெர்மோ நெறிமுறையின்படி 18 வயது நிறையாத எவரும் குழந்தையே. சுரண்டும் நோக்கத்தோடு ஒரு குழந்தையைச் சேர்த்தாலும், அழைத்துச் சென்றாலும், தங்கவைத்தாலும், மிரட்டலோ ஏமாற்றோ நடக்காவிட்டாலும்கூட அது ஆள்கடத்தல்தான்; குழந்தை இசைந்ததா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. இதை அவர் பாடமாக ஒப்பிக்காமல், "பிள்ளை சரி என்று சொன்னதா என்று பார்க்காதீர்கள், கூட்டிப்போகிறவருக்கு என்ன லாபம் என்று பாருங்கள்" என்று சொல்லிப் புரியவைத்தார்.

சட்டங்களுக்குக் குறைவில்லை. குழந்தை உழைப்பின் மிகக் கொடிய வடிவங்களை ஒழிக்கும், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 182-ஆம் உடன்படிக்கை 1999-இல் நிறைவேறியது; 2020-இல் அந்த அமைப்பின் 187 உறுப்பு நாடுகளும் அதை ஏற்று முடித்துவிட்டன. ஆனாலும் 2021-ஆம் ஆண்டு நிலவரப்படி, கட்டாய உழைப்பில் சிக்கியிருப்பவர்களில் 33 லட்சம் பேர் குழந்தைகள் என்று அதே அமைப்பின் மதிப்பீடு கூறுகிறது. நாடுகள் இட்ட கையெழுத்துக்கும் ஒரு குழந்தையின் வீட்டு வாசலுக்கும் இடையே இருக்கும் தொலைவை, அந்தத் தெருவில் நடமாடுகிறவர்களால்தான் கடக்க முடியும். வருகைப் பதிவேட்டில் மூன்று பெயர்களைப் பென்சிலால் சுழித்து வைத்திருந்த வகுப்பாசிரியையை இங்கே நினைக்கிறேன். ஒரே வாரத்தில் வராமல் போன மூன்று மாணவிகளின் வீட்டுக்கும் அவர் தனித்தனியே போனார். மூன்று வீட்டிலும் "சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறாள்" என்ற பதிலை ஒரு சொல்கூட மாறாமல் சொன்னார்கள். அந்த ஒற்றுமைதான் அவரை எங்களிடம் அழைத்து வந்தது. இருவர் ஓர் இடைத்தரகரின் வீட்டிலேயே இருந்தார்கள். மூன்றாமவளைக் கண்டுபிடிக்கப் பதினோரு நாட்கள் ஆயின. அந்தப் பதினோரு நாளும் ஆசிரியை பள்ளி முடிந்ததும் எங்கள் அலுவலகத்துக்கு வந்து ஓரமாக அமர்ந்திருப்பார்.

எங்கள் பிழைகளையும் பொறுத்துக்கொண்டு, திருத்தவும் செய்தவர்களுக்கு நான் சொல்லும் நன்றி சற்றே கனமானது. முதல் ஆண்டில் மீட்கப்பட்ட ஒரு குழந்தை, தனக்கு நேர்ந்ததை ஆறு பேரிடம் ஆறு முறை சொல்ல வேண்டியதாயிற்று. ஆறாம் முறை அவள் பேச்சையே நிறுத்திவிட்டாள். ஐஸ்லாந்தில் 1998 முதல் விசாரணையும் மருத்துவப் பரிசோதனையும் ஆற்றுப்படுத்தலும் ஒரே வீட்டில் நடப்பதை அறிந்து, அதில் சிறிதளவாவது இங்கே செய்ய முடியுமா என்று தயக்கத்தோடு கேட்டோம். காவல் அதிகாரியும் மருத்துவரும் அரசுத் தரப்பு வழக்கறிஞரும் தத்தம் அலுவலகத்தை விட்டு ஒரே அறைக்கு வரச் சம்மதித்தார்கள். அதிகாரத்தில் இருப்பவர்கள் குழந்தை இருக்கும் இடத்துக்கு இறங்கி வருவதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

இன்னொரு பிழை இதைவிடப் பெரியது. பட்டறையிலிருந்து மீட்டு வீட்டில் சேர்த்த சிறுவன் ஒருவன், இரண்டே மாதத்தில் மறுபடியும் காணாமல் போனான். அவன் வேலைக்காகக் குடும்பம் வாங்கியிருந்த முன்பணம் அடைபடாமல் கடனாக அப்படியே இருந்தது. அவனை அனுப்பிய காரணத்தை நாங்கள் தொடவே இல்லை. மீட்பு நடந்த நாளோடு வேலை முடிந்ததாகக் கணக்கெழுதியது எங்கள் தவறு. இரண்டாம் முறை அவன் வந்தபோது, மகளிர் சேமிப்புக் குழுவினர் அந்தத் தாயோடு உட்கார்ந்து கடன் கணக்கைப் பிரித்துப் பார்த்து, வருமானத்துக்கு வழி செய்தார்கள். தலைமையாசிரியர் ஆண்டின் நடுவில் அவனைச் சேர்த்துக்கொண்டார். ஆற்றுப்படுத்துநர் ஐந்து வாரம் அவனிடம் ஒன்றுமே கேட்காமல் சதுரங்கம் மட்டும் ஆடினார். புகைப்படங்களில் இடம்பெறாத வேலை இது. எங்கள் பணியிலேயே அரிய வேலையும் இதுதான். இப்போது அவன் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறான்.

கையில் கிடைத்த படத்தை வெளியிடாமல் திருப்பித் தந்த செய்தியாசிரியருக்கும், வழக்கு முடியும்வரை பொறுப்பேற்று மொழிபெயர்த்தவருக்கும், நள்ளிரவிலும் கதவைத் திறந்த காப்பகத் தாய்மாருக்கும் என் வணக்கம்.

ஒரு செய்தி பாக்கியிருக்கிறது. பேருந்தில் வந்த சிறுமி பள்ளிப் படிப்பை முடித்துவிட்டாள். போன மாதம் எங்களிடம் வந்தவள், "அன்னைக்கு அவர் கொடுத்த பாட்டிலைத் திருப்பித் தராமலே இறங்கிட்டேன்" என்று சொல்லி, புதிதாக ஒரு தண்ணீர் பாட்டிலை வாங்கி என் மேசையில் வைத்தாள். நடத்துநருக்கு அவள் பெயர் தெரியாது. அவர் கேட்டதும் இல்லை. பாட்டிலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். வண்டி புறப்படும் நேரமாகிவிட்டதால் அதற்கு மேல் எங்களால் பேச முடியவில்லை.

நன்றியுடன்,
ஒருங்கிணைப்பாளர்,
குழந்தைகள் பாதுகாப்புக் கூட்டமைப்பு