சுவாமி பெயரில் பட்டா, யார் பெயரில் உதவித்தொகை?

ஒன்றிய, தமிழக வேளாண் அமைச்சர்களுக்கும் இந்து சமய அறநிலையத் துறைக்கும் ஒரு திறந்த மடல்

ஐயா, வணக்கம்.

திருவாரூர் மாவட்டத்தில் கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்யும் குடும்பம் எங்களுடையது. ஆற்றில் தண்ணீர் வந்தால் குறுவை, இல்லாவிட்டால் சம்பா மட்டும். விதை, உரம், நடவுக் கூலி, அறுவடை இயந்திர வாடகை எல்லாம் எங்கள் கைப்பணம், அல்லது கடன். ஆனால் விவசாயிகளுக்கு ஒன்றிய அரசு உதவித்தொகை தரும், 2019 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். கிசான் திட்டத்தில் ஒரு தவணைகூட எங்களுக்கு வந்ததில்லை. நிலம் சொந்தப் பெயரில் இருக்க வேண்டுமாம்.

சொந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வெளியூரில் இருப்பவருக்கும், விலக்குப் பட்டியலில் சிக்காதவரை, ஆண்டுக்கு மூன்று முறை 2,000 ரூபாய் கணக்கில் ஏறிவிடுகிறது. அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. கோயில் நிலத்தின் கதைதான் விசித்திரம். பட்டா சுவாமி பெயரில் இருக்கிறது. நிறுவனங்களின் நிலத்துக்குத் திட்டத்தில் இடமில்லை. எனவே கோயிலுக்குக் கிடையாது. உழுகிறவருக்கு நிலம் சொந்தமில்லை. எனவே அவருக்கும் கிடையாது. சுவாமிக்கு ஆதார் எடுக்கவும் வழியில்லை! தமிழகத்தில் கோயில்களுக்கு 4 லட்சம் ஏக்கருக்கு மேல் நிலம் இருக்கிறது. அதில் விளைநிலம் அத்தனையிலும் விவசாயியே இல்லை என்கிறது உங்கள் கணக்கு.

2,000 ரூபாயில் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் உரக்கடை வாசலில் நின்று பார்க்கட்டும். டி.ஏ.பி. மூட்டை 1,350 ரூபாய், யூரியா 266 ரூபாய் 50 காசு. ஒரு தவணைப் பணத்தில் ஒரு டி.ஏ.பி.யும் இரண்டு யூரியாவும் வந்துவிடும். நடவு நேரத்தில் அதை வட்டிக் கடனில்லாமல் வாங்குவது எங்களுக்குச் சின்ன விஷயமல்ல.

குத்தகைதாரர் இவர்தான் என்று எப்படி நம்புவது என்பீர்கள். நிலம் உள்ளவருக்கு மட்டும் என்ற விதி இருக்கும்போதே, 2020-இல் தமிழகத்தில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியற்றவர்கள் பட்டியலில் நுழைந்து சுமார் 110 கோடி ரூபாயை வாங்கிவிட்டார்கள். எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கும் குத்தகை ரசீதைப் பாருங்கள்: கோயில் பெயர், சர்வே எண், பரப்பு, பசலி (வருவாய்த் துறையின் ஆண்டுக் கணக்கு) 1434, செலுத்தியவர் பெயர், கீழே அலுவலகக் கையெழுத்து. குத்தகை வசூலிக்கும்போது எங்களைத் தெரிகிறது. பயிர்க் காப்பீட்டிலும் குத்தகைதாரருக்கு இடமுண்டு. எந்த வயலில் யார் என்ன பயிர் செய்கிறார் என்று கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல் அங்கே செல்லுபடியாகிறது. உதவித்தொகை என்று வந்தால் மட்டும் அதே காகிதம் செல்லாக்காசா?

ஒரு சிக்கல் உண்மையிலேயே இருக்கிறது, மறைப்பதற்கில்லை. பல ரசீதுகள் இன்னும் தாத்தா பெயரிலேயே ஓடுகின்றன. வாரிசுப் பெயர் மாற்றம் கேட்டால் பழைய பாக்கியைக் கட்டு என்கிறார்கள். அந்தப் பாக்கியில் பாதி, வெள்ளத்தில் பயிர் போன வருடங்களுடையது. உள்குத்தகைக்கு விட்டவர்களும் இருக்கிறார்கள். ரசீதில் ஒரு பெயர், வயலில் வேறு ஆள். இதற்குத்தான் அடங்கல் இருக்கிறது. ரசீதையும் அடங்கலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், யார் உழுகிறார் என்பது ஒரு மதிய நேரத்தில் தெரிந்துவிடும். செய்ய மனம் வேண்டும், அவ்வளவுதான்.

இது புதிய யோசனையும் அல்ல. ஒடிசாவின் ‘காலியா’ விவசாய உதவித்தொகைத் திட்டம் பங்குச் சாகுபடியாளர்களைச் சேர்த்துக்கொண்டது. ஆந்திரம் 2019-இல் தன் ரைத்து பரோசா திட்டத்தில் நிலமற்ற குத்தகை விவசாயிகளில் ஒரு பகுதியினருக்குப் பணம் தந்தது. இங்கே 1969-லேயே குத்தகை உரிமைப் பதிவேட்டுக்குத் தனிச் சட்டம் போட்டுவிட்டோம். சட்டம் அலமாரியில் இருக்கிறது.

ஒன்றிய அரசு விதியைத் திருத்தட்டும். அதற்கு எத்தனை ஆண்டு ஆகும் என்று நாங்கள் காத்திருக்க முடியாது. அதுவரை கோயில் குத்தகைதாரர்களுக்கு அதே 6,000 ரூபாயை மாநில அரசு தன் நிதியிலிருந்து தரட்டும். அறநிலையத் துறை பாக்கியைத் தவணையில் வாங்கிக்கொண்டு வாரிசுப் பெயரை மாற்றிக் கொடுக்கட்டும். மேட்டூர் அணை திறக்க வேண்டிய ஜூன் 12-க்கு முன் பெயர்ப் பட்டியலை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். உழாதவர் பெயர் அதில் இருந்தால் ஊரே சொல்லும்.

இப்படிக்கு,
கோயில் குத்தகைதாரர் ஒருவர்,
திருவாரூர் மாவட்டம்