வாசலில் பிரித்து அனுப்ப ஆள் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கொரோனா இரண்டாம் அலையைச் சென்னை எப்படிச் சமாளித்தது என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எத்தனை படுக்கை கூடியது, எவ்வளவு ஆக்சிஜன் வந்தது என்ற கணக்கெல்லாம் அதில் இருந்தது. சரி, அதெல்லாம் நடந்ததுதான். ஆனால் அந்த மே மாதத்தில் ஒரு ராத்திரி முழுக்க ஆம்புலன்சுக்குள் உட்கார்ந்திருந்தவன் நான். எனக்குப் பட்ட ஒரு விஷயம் அந்தக் கட்டுரையில் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஆர்.எம்.எஸ்.ஸில், அதாவது ரயில்வே தபால் பிரிவில், முப்பத்தொரு வருடம் கடிதம் பிரித்தவன். பொங்கல் வாழ்த்து அட்டை அனுப்புகிற காலம் அது. ஜனவரி பிறந்தால் பைபையாக வந்து கொட்டும். தரையில் கால் வைக்க இடம் இருக்காது. அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளுக்காக யாரும் புது ரயில் விட மாட்டார்கள். நாங்கள் செய்ததெல்லாம் இரண்டே காரியம். பெட்டியில் போடும் இடத்திலேயே உள்ளூர், வெளியூர் என்று பிரித்து வாங்குவோம். அப்புறம், பயிற்சி கொடுத்துப் பெயரெழுதி வைத்திருக்கும் ஆட்களைக் கூப்பிட்டுக்கொள்வோம். எண்பதுகளில் அவர்களை ‘ஆர்.டி.பி.’ என்போம். (அவர்களை நிரந்தரமாக்காமல் இலாகா இழுத்தடித்தது தனிக் கதை.)

இனி அந்த ராத்திரி. 2021 மே 12 அன்று சென்னையில் மட்டும் ஒரே நாளில் 7,500 பேருக்கு மேல் தொற்று என்று செய்தி வந்தது. அதற்கு இரண்டு நாள் கழித்து என் மனைவியின் தம்பிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. வயது ஐம்பத்திரண்டு, சர்க்கரை உண்டு, காய்ச்சல் தொடங்கி ஆறாவது நாள். விரலில் கருவியை மாட்டிப் பார்த்தால் ஆக்சிஜன் அளவு 84. ராத்திரி ஒன்பதரைக்கு 108 வண்டி வந்தது. ஒரு பெரிய அரசு மருத்துவமனை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது எங்களுக்கு முன்னால் ஏழு வண்டிகள்.

முன்னால் நின்ற வண்டியில் ஒருவர் இறங்கி நின்று செல்போனில் பேசிக்கொண்டிருந்தார். ஸ்கேனில் ஏதோ வந்திருக்கிறதாம், பயந்துபோய் வந்துவிட்டார். ஆக்சிஜன் 96 என்று அவரே சொன்னார். எங்களுக்குப் பின்னால் வந்த வண்டியில் ஒரு அம்மாவின் இழுப்பு வெளியே கேட்டது. மூன்று பேருக்கும் ஒரே வரிசை. முன்னால் வந்தவருக்கு முன்னால் என்பது ரேஷன் கடைக்குச் சரி. இங்கே அவசரத் தந்தியையும் வாழ்த்து அட்டையையும் ஒரே பையில் கட்டி வைத்திருந்தார்கள்.

எங்கள் வண்டியில் இருந்த உதவியாளர் தம்பிக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. பாதுகாப்பு உடைக்குள் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. அவன் கண் நோயாளியைவிட சிலிண்டரின் முள் மேல்தான் இருந்தது. “சார், இது சின்ன சிலிண்டர். ஆயிரத்தைந்நூறு லிட்டர்தான் பிடிக்கும். நிமிஷத்துக்குப் பத்து லிட்டர் விட்டா இரண்டரை மணி நேரம். உள்ளே எடுக்க எவ்வளவு நேரமாகுமோ தெரியாது” என்றான். அப்புறம் என் மச்சினனைக் குப்புறப் படுக்கவைத்து, நெஞ்சுக்கடியில் ஒரு போர்வையைச் சுருட்டி வைத்தான். கால் மணி நேரத்தில் 84 என்பது 91 ஆனது. குப்புறப் படுத்தால் நுரையீரலின் பின்பக்கத்துக்குக் காற்று போகிறது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஆக்சிஜன் வேகத்தையும் அவனால் குறைக்க முடிந்தது. அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது அந்தச் சுருட்டின போர்வைதான்.

உள்ளே விடும்போது மணி இரண்டு. வாசலில் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, “பாசிட்டிவ் ரிப்போர்ட் எங்கே?” சேர்ப்பதற்கு ரிப்போர்ட் கட்டாயமில்லை என்று மத்திய சுகாதார அமைச்சகம் மே 8ஆம் தேதியே சொல்லியாகிவிட்டது. அந்தக் காகிதம் டெல்லியிலிருந்து வாசல்வரை வந்து சேரவில்லை போலிருக்கிறது. நான் தபால்காரன் வேறு, இதற்குச் சிரிப்பதா அழுவதா! அவர் மேல் எனக்குக் கோபமில்லை. தூங்கி எத்தனை நாளாயிற்றோ.

இதில் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. எங்கள் வண்டி வாசலில் நின்ற நான்கு மணி நேரமும் அது ஊருக்கு ஆம்புலன்சாக இல்லை, சக்கரம் வைத்த கட்டிலாக இருந்தது. எட்டு வண்டி அப்படி நின்றால், எங்கேயோ எட்டு வீட்டில் 108க்குப் போன் போட்டுக் காத்திருப்பார்கள். அவர்கள் காத்திருந்து, நிலைமை மோசமாகி, பிறகு வந்து இதே வரிசையில் நிற்பார்கள். படுக்கைப் பற்றாக்குறை உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் வாசல் அடைத்துக்கொண்டால் அந்தப் பற்றாக்குறை இரண்டு மடங்காகிவிடுகிறது.

இதை அதிகாரிகளும் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். வண்டியில் காத்திருப்பவர்களை உடனே இறக்கி ஆக்சிஜனில் போட ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ‘ஜீரோ டிலே’ வார்டு திறந்தார்கள். மாநகராட்சி சாதாரணக் கார்களை ஆம்புலன்சாக்கி, உட்கார்ந்து வரக்கூடியவர்களை அவற்றில் பரிசோதனை மையங்களுக்கு அழைத்துப் போனது. அங்கே ரத்தம், எக்ஸ்ரே, ஆக்சிஜன் அளவு பார்த்து, நீ வீட்டுக்கு, நீ கவனிப்பு மையத்துக்கு, நீ மருத்துவமனைக்கு என்று பிரித்தார்கள். தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் கட்டளை மையம் வைத்து எந்த மருத்துவமனையில் எத்தனை படுக்கை காலி என்று பார்த்து அனுப்பினார்கள். மே 14 அன்று மேற்கு வங்காளத்தின் துர்காபூரிலிருந்து 80 டன் திரவ ஆக்சிஜனோடு முதல் ரயில் தண்டையார்பேட்டைக்கு வந்தது. எனக்கென்னவோ அந்த ரயிலைவிடக் கார் ஆம்புலன்ஸ்தான் பெரிய யோசனையாகத் தெரிகிறது. ரயிலைப் போட்டோ எடுத்தார்கள், காரை யாரும் எடுக்கவில்லை.

பிரிக்காமல் விட்டால் என்னாகும் என்பதற்குக் கொரோனாவுக்குப் போட்ட ரெம்டெசிவிர் ஊசி மருந்தே சாட்சி. அந்த மருந்தைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லியிருந்தது. ஆனாலும் தனியார் மருத்துவமனைகள் சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தன. ஏப்ரல் கடைசியில் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் விற்பனை தொடங்கியதும் விடிய விடிய வரிசை. கூட்டம் தாங்காமல் மே 15 அன்று நேரு ஸ்டேடியத்துக்கு மாற்றினார்கள், அங்கேயும் தள்ளுமுள்ளு. நோயாளியின் வீட்டுக்காரர்கள், அதாவது தொற்று இருக்க அதிக வாய்ப்புள்ளவர்கள், தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். மருந்தை நேராக மருத்துவமனைகளுக்கே கொடுப்பது என்று முடிவானதும் அந்த வரிசை ஒரே நாளில் காணாமல் போனது. இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

2022 ஜனவரியில் மூன்றாம் அலை வந்தபோது சென்னையின் தினசரி எண்ணிக்கை முந்தைய மே மாத உச்சத்தையும் தாண்டியது. ஆனாலும் வாசல்களில் வண்டி நிற்கவில்லை. தடுப்பூசிதான் முக்கியக் காரணம், சந்தேகமில்லை. பெரும்பாலானவர்களை வீட்டிலேயே வைத்துப் போனில் விசாரித்ததும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

அப்புறம் எல்லாவற்றையும் கலைத்தாயிற்று. கொரோனா காலத்தில் எடுத்த ஒப்பந்தச் செவிலியர்கள் 2,300 பேருக்கு மேல் 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு வேலையில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அதற்கு நான்கு நாள் முன்னால், டிசம்பர் 27 அன்று, நாடு முழுக்க மருத்துவமனைகளில் கொரோனா ஒத்திகை நடந்தது! அடுத்த ஏப்ரலில் இன்னொரு ஒத்திகை. நான் செய்தியில் பார்த்தவரை வென்டிலேட்டரை ஓட்டிப் பார்த்தார்கள், ஆக்சிஜன் பிளான்ட்டைப் பார்த்தார்கள், படுக்கையை எண்ணினார்கள். ஒரே சமயத்தில் பத்து வண்டி வந்தால் வாசலில் யார் நின்று பிரிப்பது என்பதை ஒத்திகை பார்த்த மாதிரி தெரியவில்லை.

நான் கேட்பது பெரிய செலவில்லை. பேட்டைக்குப் பேட்டை நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். அங்கே காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் செறிவூட்டி இரண்டு, அதை ஓட்டத் தெரிந்த ஒருவர், குப்புறப் படுக்கவைக்க ஒரு கட்டில் என்று எப்போதும் இருந்தால் முதல் பிரிப்பு அங்கேயே முடிந்துவிடும். பெரிய மருத்துவமனை வாசலுக்குத் தாங்க முடியாதவர்கள் மட்டும் வருவார்கள். வருடத்துக்கு ஒருமுறை மழைக்கு முன்னால், டெங்கு காலத்தையே ஒத்திகையாக வைத்துக்கொள்ளலாம். மாநகராட்சிக்கு இது புதிதும் இல்லை. 2020இல் தெருத்தெருவாகக் காய்ச்சல் முகாம் போட்டவர்கள்தானே அவர்கள்.

மச்சினன் பதினெட்டு நாள் கழித்து வீடு திரும்பினான். இப்போதும் மாடி ஏறினால் பாதியில் நிற்கிறான்.

இன்னொன்று சொல்ல வேண்டும். 2020, 21 இரண்டு வருடமும் எங்கள் தெருவில் தினமும் வந்து காய்ச்சல், இருமல் கேட்டு நோட்டில் குறித்துப்போன ஒரு பெண் உண்டு. தலையில் தொப்பி, கையில் வெப்பமானி, தோள்பையில் கபசுரக் குடிநீர்ப் பொட்டலம். எந்த வீட்டில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு ஆஸ்துமா என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். என் மச்சினனுக்கு ஆக்சிஜன் பார்க்கச் சொன்னதே அவர்தான். போன தீபாவளிக்குப் புரசைவாக்கத்தில் ஒரு துணிக்கடையில் புடவை மடித்துக்கொண்டிருந்தார். மறுபடியும் அப்படி ஒன்று வந்தால் வருவாயா அம்மா என்று கேட்டேன். “கூப்பிட்டா வருவேன் சார். ஆனா வேலை முடிஞ்சப்போ அடையாள அட்டையைத்தான் வாங்கிக்கிட்டாங்க. போன் நம்பரை யாரும் வாங்கலை” என்றார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர் ஒருவர்,
பெரம்பூர், சென்னை - 11.