கைகாட்டி நிறுத்தத்தோடு திரும்பிவிடும் நகரப் பேருந்தை மீண்டும் கடற்கரை வரை இயக்கக் கோரும் மனு

அனுப்புநர்
கடற்கரை மீனவர் கிராமப் பொதுமக்கள் சார்பாக,
தலைச்சுமையாக மீன் விற்கும் பெண்கள்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்.

பொருள்: வெள்ள விதியைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்ட நகரப் பேருந்தை உப்பனாற்றுத் தரைப்பாலம் தாண்டி எங்கள் ஊர் வரை மீண்டும் இயக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: இதே கோரிக்கைக்காக நாங்கள் முன்பு கொடுத்த மனுக்களும் கிராம சபைத் தீர்மானமும்.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

எங்கள் ஊரும் தரைப்பாலமும் தங்களுக்குப் புதிதல்ல. வெள்ளம் வரும்போதெல்லாம் அதிகாரிகள் வந்து நிற்கும் இடம் அந்தப் பாலத்தின் மேற்குக் கரைதான். 2022 நவம்பர் 11 அன்று சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டி இந்தப் பக்கமே மூழ்கியபோது அரசு செய்த உதவியை நாங்கள் மறக்கவில்லை. குடும்ப அட்டைக்கு 1,000 ரூபாய் வந்தது, சமைத்த சோறு வந்தது. இன்றைக்கும் அதற்கு நன்றி சொல்கிறோம். அந்த வெள்ளத்தில் நின்றுபோன பேருந்து மட்டும் இதுவரை வரவில்லை. முன்பு கொடுத்த மனுக்களுக்குப் பதில் கிடைக்காததால் மறுபடியும் தங்களிடமே வந்திருக்கிறோம்.

1. காலையில் இரண்டு நடை, மாலையில் இரண்டு நடை என்று எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் வரை வந்துகொண்டிருந்த பேருந்து இப்போது கைகாட்டியிலேயே திரும்பிவிடுகிறது. அங்கிருந்து எங்கள் கரைக்கு நான்கு கிலோமீட்டர்.

2. காரணம் கேட்டதற்கு, தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் போகும்போது பேருந்தை இயக்கக்கூடாது என்பது விதி என்று பணிமனையில் சொன்னார்கள். நல்ல விதி ஐயா. அதை நாங்கள் எதிர்க்கவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் பெற்ற பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் நாங்கள். தண்ணீரின் இழுவை எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் பாலத்தில் தண்ணீர் ஏறுவது ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்கள்தான். மார்கழி பாதியில் பாலம் காய்ந்துவிடும். சித்திரையில் ஆற்றில் சேறும் நண்டும்தான் இருக்கும். அந்தச் சித்திரையிலும் "வெள்ள அபாயம்" என்று சொல்லிப் பேருந்தைத் திருப்பினால் அதற்குப் பெயர் விதியா? மீன் ஏற்ற வரும் லாரியும் ஐஸ் கட்டி ஏற்றிய லாரியும் தினமும் அதே பாலத்தில்தான் வந்து போகின்றன. அவை போகலாம், நாங்கள் ஏறும் பேருந்து மட்டும் போகக்கூடாதாம்.

3. இந்தப் பேருந்தை நம்பிப் பிழைப்பவர்கள் மீன் விற்கும் பெண்கள். எங்கள் பிழைப்பு எப்படி நடக்கிறது என்று ஒருமுறையாவது முழுதாக எழுதிவிடுகிறோம், தயவுசெய்து பொறுமையாகப் படியுங்கள். ஃபைபர் படகுகள் விடியற்காலையில் கரை பிடிக்கும். மணலிலேயே ஏலம் விடுவார்கள். கையில் காசு இருப்பவர் கொஞ்சம் பேர்தான், மற்றவர்கள் தண்டலுக்கு, அதாவது வட்டிக்கு, பணம் வாங்கித்தான் மத்தியோ சங்கராவோ நெத்திலியோ எடுக்கிறோம். கூடையில் ஐஸைத் தட்டிப் போட்டு உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டுபோக வேண்டும். மதியக் குழம்புக்கு மீன் வாங்குகிறவர்கள் பத்து மணிக்குள் வாங்கிவிடுவார்கள். அதற்குள் தெருவில் குரல் கொடுத்தால்தான் விலை. பதினொரு மணிக்குப் போனால் பாதி விலைக்குக் கேட்பார்கள், கொடுத்துவிட்டுத்தான் வரவேண்டும்.

முன்பு ஏலம் முடிந்ததும் கோயில் வாசலில் பேருந்து நிற்கும். ஒருவர் கூடையை இன்னொருவர் தூக்கிவிட்டு ஏறிவிடுவோம். இப்போது இருபது, இருபத்தைந்து கிலோ கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நான்கு கிலோமீட்டர் நடக்கிறோம். வழியில் ஒரு மர நிழல் கிடையாது, இரண்டு பக்கமும் இறால் குட்டைதான். ஐஸ் உருகி மீன் தண்ணீர் கழுத்து வழியாக முதுகில் இறங்கும். கூடையை இறக்கி வைத்து இளைப்பாறலாம் என்றால் மறுபடி தூக்கிவிட ஆள் வேண்டும், அதனால் இறக்காமலே நடக்கிறோம். எங்களில் பாதிப் பேர் ஐம்பது தாண்டியவர்கள். சுனாமியில் கணவனை இழந்து, அன்றிலிருந்து இந்தக் கூடையை வைத்தே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் இருக்கிறார்கள். கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது, கூடை தூக்காதே என்று டாக்டர் சொல்கிறார். தூக்காவிட்டால் தண்டல்காரருக்கு யார் பதில் சொல்வது?

ஷேர் ஆட்டோவில் ஆளுக்கு 30 ரூபாய், கூடைக்குத் தனியாக 20 ரூபாய். மீன் வாடை என்று மற்றவர்கள் ஏற மறுப்பதால் பல நாள் எங்களை ஏற்றுவதே இல்லை. ஆட்டோக்காரரும் பிழைக்க வந்தவர், அவர்மேல் எங்களுக்குக் கோபமில்லை. 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்று அரசு அறிவித்தபோது எங்களைவிடச் சந்தோஷப்பட்டவர் யாரும் இருக்க மாட்டார்கள். மிச்சமான காசில் சீட்டுக் கட்டினோம். அந்தத் திட்டம் இன்றும் இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டணமில்லாப் பேருந்தில் ஏறக் கைகாட்டி வரை ஆட்டோவுக்குக் காசு கொடுக்கிறோம். இது நியாயமா ஐயா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகுகள் 61 நாட்கள் கட்டிக் கிடக்கும். அப்போது கருவாடு கொண்டுபோய் விற்றுத்தான் பல வீடுகளில் உலை வைக்கிறோம். அந்தக் கத்திரி வெயிலிலும் இதே நடைதான்.

4. வெள்ள அபாயப் பகுதி என்று சொல்லும் அதிகாரிகளை நாங்கள் ஒன்று கேட்க வேண்டும். எங்களை இங்கே குடியமர்த்தியது யார்? சுனாமிக்குப் பிறகு 2005 மார்ச் 30 தேதியிட்ட அரசாணையைக் காட்டி, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருப்பவர்கள் கடலை விட்டுத் தள்ளி வந்தால்தான் வீடு, வராதவர்களுக்கு அரசு உதவி இல்லை என்றார்கள். படகையும் வலையையும் கண்ணெதிரே வைத்திருந்த எங்களில் பெரும்பாலோர் மனசில்லாமல் சுனாமி குடியிருப்புக்குப் போனோம். அந்தக் குடியிருப்பு தரைப்பாலத்துக்குக் கிழக்கே, கடல் பக்கமாகத்தான் இருக்கிறது. இடம் பார்த்ததும் அரசு, பட்டா கொடுத்ததும் அரசு. வீடு கட்டப் பாதுகாப்பான இடம், பேருந்து வர மட்டும் ஆபத்தான இடமாகிவிட்டதா?

5. புயல் நேரத்தைப் பற்றி. கூண்டு ஏற்றினால் கடலுக்குப் போகாதே, அறிவிப்பு வந்ததும் பாதுகாப்பு மையத்துக்குப் போ என்கிறார்கள். போகிறோம். ஆனால் பாதுகாப்பு மையம் பாலத்துக்கு மேற்கே, கைகாட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. முன்பெல்லாம் தண்ணீர் ஏறுவதற்கு முன்பே கடைசி நடைப் பேருந்தில் கிழவிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் ஏற்றி அனுப்பிவிடுவோம். இப்போது வெளியேறு என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டு வண்டி போய்விடுகிறது. போன மழையில் நடக்க முடியாத பாட்டியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு பாலத்தைக் கடந்தார்கள், தண்ணீர் கணுக்காலுக்கு வந்துவிட்டது. எங்களைக் காப்பாற்றத்தானே இந்த விதி?

6. பள்ளிப் பிள்ளைகள். எட்டாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்கள் கைகாட்டி வரை நடக்கிறார்கள். மாலை சிறப்பு வகுப்பு முடிந்து வரும் பெண் பிள்ளைகளுக்காக அந்த இருட்டில் டார்ச்சோடு போய் நிற்கிறோம்.

இன்னும் எத்தனையோ எழுதலாம். எழுதி எழுதித்தான் ஐயா கை ஓய்ந்துவிட்டது. இணையத்தில் போட்ட மனுவுக்கு "சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பி வைக்கப்பட்டது, மனு முடிக்கப்பட்டது" என்று செல்பேசியில் வந்தது. எங்களுக்கு எதுவும் முடியவில்லையே! பணிமனையில் கேட்டால் பாலத்தை நெடுஞ்சாலைத் துறையில் கேள் என்கிறார்கள். அங்கே போனால் பேருந்தைப் பற்றி எங்களிடம் ஏன் கேட்கிறீர்கள் என்கிறார்கள். ஏலத்தை விட்டுவிட்டு, ஒருநாள் வருமானத்தை விட்டுவிட்டு இந்தப் படிகளில் ஏறி இறங்குகிறவர்கள் நாங்கள் என்பதை யாராவது நினைத்துப் பார்த்தார்களா?

நாங்கள் கேட்பது இவைதான். மழை இல்லாத மாதங்களில் பேருந்தை முன்போலக் கடற்கரை வரை இயக்க உத்தரவிடுங்கள். நான்கு நடையும் முடியாவிட்டால் ஏலம் முடியும் நேரத்தில் ஒரு நடை, பள்ளி விடும் நேரத்தில் ஒரு நடையாவது விடுங்கள். மழைக்காலத்துக்குத் தரைப்பாலத்தின் இரண்டு முனையிலும் அளவுக்கம்பம் நட்டு, இந்தக் கோட்டுக்கு மேல் தண்ணீர் வந்தால் பேருந்து வராது என்று எழுதி வையுங்கள். அந்தக் கோட்டுக்கு மேல் தண்ணீர் நிற்கும் நாளில் பேருந்து வரவில்லை என்று நாங்கள் ஒருவரும் வாய் திறக்க மாட்டோம். எங்கள் ஊர் நாட்டார் பஞ்சாயத்தும் இதற்குச் சம்மதித்திருக்கிறது. புயல் எச்சரிக்கை வந்த அன்று, பாலம் மூழ்கும் முன்பே ஒரு பேருந்தை எங்கள் ஊருக்கு அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். உயர்மட்டப் பாலம் வேண்டும் என்பதும் எங்கள் நீண்ட நாள் கோரிக்கைதான், அது வரும்போது வரட்டும். பேருந்துக்குப் புதிதாக எதுவும் கட்ட வேண்டியதில்லை. கைகாட்டியில் திரும்புகிற வண்டி இன்னும் நான்கு கிலோமீட்டர் வந்தால் போதும்.

தாங்கள் நேரில் ஒருமுறை வந்து, மழை இல்லாத ஒரு காலையில் அந்தப் பாலத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். ஐப்பசி பிறக்க இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் ஒரு உத்தரவு போடுங்கள் ஐயா. பேருந்தை எங்கள் ஊருக்கு விடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மீன் விற்கும் பெண்களும் கிராமப் பொதுமக்களும்
(கையொப்பங்களும் கைரேகைகளும் தனித் தாள்களில் இணைக்கப்பட்டுள்ளன)