சித்திரக்கதை வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வட்டத்தின் அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் வட்டத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான செயல்பாடுகளை இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மாதந்தோறும் வெவ்வேறு பொருளைத் தொட்டுச் செல்லும் நம் கூட்டங்கள், சென்ற பொதுக்குழுவில் எடுத்த முடிவின்படி, இவ்வாண்டு ஒரே கேள்வியைச் சுற்றி நடந்தன. உயிரைக் காப்பதற்காகவே முகமூடி அணிந்த ஒரு சூப்பர்ஹீரோ, ஓர் உயிரை எடுத்தால்தான் பல உயிர்களைக் காக்க முடியும் என்ற நிலையில் என்ன செய்ய வேண்டும் என்பதும், அவருக்கு எதிரே நிற்கும் வில்லனுக்கு அதே இடத்தில் தேர்ந்தெடுக்க ஏதேனும் இருக்கிறதா என்பதுமே அக்கேள்வி. ஒரே பொருளை ஆண்டு முழுவதும் பேசினால் வருகை மெலியும் என்று செயற்குழுவில் சிலர் அஞ்சினர். மெலியவில்லை, நூலகத்தின் மாடி அறையில் நாற்காலிகள் போதாமல் இளைய உறுப்பினர்கள் சன்னல் திண்டில் உட்கார்ந்த மாலைகளும் உண்டு.

தொடக்கக் கூட்டங்களை வரலாற்றுக்கு ஒதுக்கினோம். பேட்மேன் என்றாலே கொல்லாதவர் என்று எண்ணி வளர்ந்த உறுப்பினர்களுக்கு 1939-ஆம் ஆண்டின் முதல் கதை அதிர்ச்சியாகவே இருந்தது. அதில் அவர் விட்ட குத்தில் ஒரு குற்றவாளி அமிலத் தொட்டிக்குள் விழுந்து சாகிறான். அவன் வகைக்கு அது பொருத்தமான முடிவுதான் என்று சொல்லிவிட்டு நாயகர் நகர்ந்துவிடுகிறார். 1940-இல் வெளிவந்த அவருடைய தனி இதழின் முதல் எண்ணில் அவர் விமானத்திலிருந்து இயந்திரத் துப்பாக்கியால் சுடவும் செய்கிறார். இனி நாயகர் எவரையும் கொல்லக் கூடாது, துப்பாக்கி ஏந்தவும் கூடாது என்று அதன் பிறகு விதித்தவர் பதிப்பாசிரியர் விட்னி எல்ஸ்வொர்த். அதே இதழில்தான் ஜோக்கரும் அறிமுகமாகிறான். அவன் அவ்விதழின் முடிவிலேயே இறப்பதாக இருந்த கதையை மாற்றி, உயிர் இருக்கிறது என்று காட்டும் ஒரு கட்டத்தைக் கடைசி நேரத்தில் சேர்க்கச் சொன்னவரும் அவரே. ஆக, நாயகரின் விரதமும் வில்லனின் ஆயுளும் ஒரே மேசையிலிருந்து பிறந்தவை. ஜோக்கர் ஏன் இன்னும் சாகவில்லை என்ற கேள்விக்குக் கதைக்குள் எத்தனை விடைகள் இருந்தாலும், கதைக்கு வெளியே உள்ள விடை அதுதான். விற்கும் வில்லனை எந்தப் பதிப்பகமும் புதைக்காது.

ஆயினும் பதிப்பாசிரியர் வைத்த விதி என்பதாலேயே அது நெறி அல்லாமல் போய்விடாது என்று கல்லூரி மாணவியான ஓர் உறுப்பினர் எழுந்து கூறியதும் விவாதம் வேறு திசைக்குச் சென்றது. திருக்குறளில் கொல்லாமை அதிகாரம் துறவறவியலில் இருக்கிறது. கொலைஞரை ஒறுப்பது பயிர் வாழக் களை பறிப்பதற்கு ஒப்பானது என்ற குறளோ பொருட்பாலில், வேந்தனுக்கு உரிய செங்கோன்மையில் இருக்கிறது. அப்படியானால் பேட்மேன் துறவியா, வேந்தரா என்று அவர் கேட்டார். நீதிமன்றத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் மூத்த உறுப்பினர், இரண்டும் இல்லை என்றார்: ஆணையும் இல்லாமல், பதவிப் பிரமாணமும் இல்லாமல், தன் வருத்தத்தையே அதிகாரமாக வைத்துக்கொண்டு இரவில் திரியும் ஒரு செல்வந்தர் அவர், பிடிப்பதோடு நின்று, சாட்சியோடு ஒப்படைத்துவிட்டு விலகும் வரையில்தான் சமூகம் அவரைப் பொறுத்துக்கொள்ள முடியும், தண்டனையையும் அவரே கையில் எடுத்தால் அவர் வாழும் கோத்தம் நகருக்கு நீதிமன்றம் எதற்கு என்பது அவர் வாதம். ஜோக்கர் மீண்டும் மீண்டும் மனநலக் காப்பகத்திலிருந்து தப்புகிறான் என்றால் அந்தக் குற்றம் பூட்டுக்கு உரியது, விரதத்துக்கு உரியது அன்று என்றும் அவர் சேர்த்துக்கொண்டார். இவ்வாண்டில் நான் கேட்ட வாதங்களில் இதையே மிக வலுவானதாகக் கருதுகிறேன்.

இதற்கு எதிராக வைக்கப்பட்டது வொண்டர் வுமனின் 2005-ஆம் ஆண்டுக் கதை. மேக்ஸ்வெல் லார்ட் என்பவன் சூப்பர்மேனின் மனத்தைத் தன் பிடியில் வைத்து, அவர் கையாலேயே அவர் நண்பர்களை அடிக்க வைக்கிறான். பொய் சொல்ல விடாத தன் கயிற்றால் அவனைக் கட்டி, இதை நிறுத்த வழி என்ன என்று வொண்டர் வுமன் கேட்க, என்னைக் கொல்வதுதான் என்கிறான் அவன். அவள் அவன் கழுத்தை முறிக்கிறாள். வேறு வழி இருந்திருக்கும் என்று வழக்கமாக நாம் சொல்லும் சமாதானத்துக்கு இங்கே இடமே இல்லாதபடி, உண்மை மட்டுமே பேசும் வாயாலேயே அந்தக் கதவு அடைக்கப்பட்டுவிடுகிறது. அவளால் காப்பாற்றப்பட்ட சூப்பர்மேனும், பேட்மேனும் அதன் பிறகு அவளை விட்டு விலகி நின்றார்கள் என்பதைத்தான் நம் உறுப்பினர்களால் பொறுக்க முடியவில்லை. அரசகுமாரியாகவும் போர்வீரராகவும் வளர்ந்த அவளுக்கு வேந்தனுக்குரிய குறள் பொருந்தும், கோத்தம் செல்வந்தருக்குப் பொருந்தாது என்ற கருத்துக்குப் பெரும்பான்மை ஆதரவு இருந்தது. அமேசானியர் என்ற போர்வீரப் பெண்களின் அரசகுமாரிக்கு அமெரிக்க மண்ணில் யார் செங்கோல் கொடுத்தது என்று மூத்த உறுப்பினர் மட்டும் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

இவ்வாண்டின் மிக நீண்ட கூட்டம் 1988-ஆம் ஆண்டின் தொலைபேசி வாக்கெடுப்பைப் பற்றியது. ராபின் என்ற பெயரில் பேட்மேனுக்குத் துணையாகச் சண்டையிட்டவர்களில் இரண்டாமவனான ஜேசன் டாட் என்ற சிறுவனை ஜோக்கர் கடப்பாரையால் அடித்துப் போட்டுவிட்டு, குண்டு வைத்த கட்டடத்தில் விட்டுச் செல்கிறான். கட்டடம் வெடிப்பதோடு இதழ் முடிகிறது. அவன் பிழைக்க வேண்டுமானால் ஓர் எண்ணுக்கும், சாக வேண்டுமானால் வேறோர் எண்ணுக்கும் அழைக்கலாம் என்று வாசகர்களுக்கு அறிவிக்கப்பட்டது. அழைப்புக்கு 50 சென்ட் கட்டணம். சாகட்டும் என்று 5,343 அழைப்புகளும் பிழைக்கட்டும் என்று 5,271 அழைப்புகளும் வந்தன. 72 அழைப்பு வேறுபாட்டில் சிறுவன் செத்தான். அடுத்த இதழுக்கு இரண்டு முடிவுகளும் முன்கூட்டியே தயாராக இருந்தன.

நாயகரின் அறச்சிக்கலைப் பற்றி அதுவரை சாய்ந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த நாம், அந்தத் தேர்வு வாசகரின் கைக்கு வந்தபோது என்ன ஆயிற்று என்பதை அன்று பார்க்க வேண்டியிருந்தது. அது வெறும் காகிதச் சிறுவன்தானே, யாருக்கு என்ன இழப்பு என்றார் ஒருவர். காகிதத்தில் உள்ளவனுக்காக அழவும் சிரிக்கவும் முடிகிற நமக்கு, அவனைக் கொல்லும்போது மட்டும் அது காகிதம் என்பது நினைவுக்கு வருகிறதா என்று செவிலியராகப் பணிபுரியும் உறுப்பினர் திருப்பிக் கேட்டார். கைதூக்கி நாமும் ஒரு வாக்கெடுப்பு நடத்தலாம் என்ற யோசனையைத் தலைவர் ஏற்கவில்லை. அவர் செய்தது சரியே என்பது என் எண்ணம். அந்த அறையில் கை உயர்ந்திருந்தால் அது சிறுவனுக்கான வாக்காக இருந்திருக்காது, பக்கத்து நாற்காலிக்காரருக்கான பதிலாகத்தான் இருந்திருக்கும்.

அச்சிறுவனைக் கதாசிரியர்கள் 2005-இல் உயிரோடு திரும்பக் கொண்டுவந்தார்கள் என்பது உறுப்பினர் பலருக்குத் தெரியும். என்னை ஏன் காப்பாற்றவில்லை என்று அவன் பேட்மேனைக் கேட்கவில்லை, அதை மன்னித்துவிடுகிறான். என்னைக் கொன்ற பிறகும் ஜோக்கரை ஏன் உயிரோடு விட்டாய் என்பதே அவன் கேள்வி. கொல்வது கடினம் என்பதால் அன்று, மிக எளிது என்பதால்தான் கொல்லவில்லை, ஒருமுறை இறங்கிவிட்டால் திரும்பி வரமாட்டேன் என்கிறார் பேட்மேன். இந்த விடை நம் வட்டத்தை நிறைவு செய்யவில்லை. இதில் பேட்மேன் தம் ஆன்மாவைப் பற்றியே பேசுகிறார். அடுத்து ஜோக்கரிடம் சிக்கப்போகிறவர்களைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. மூத்த உறுப்பினர் சொன்ன நீதிமன்ற வாதத்தை அந்த இடத்தில் அவர் சொல்லியிருந்தால் மகனைப் போன்றவன் முன் அவர் இன்னும் நேராக நின்றிருக்கலாம்.

ஸ்பைடர்மேனின் 1973-ஆம் ஆண்டுக் கதையை ஒரு கூட்டத்தோடு முடித்துக்கொண்டோம். பாலத்தின் உச்சியிலிருந்து கிரீன் காப்ளின் என்ற வில்லன் தள்ளிவிட்ட தம் காதலி க்வென் ஸ்டேசியை ஸ்பைடர்மேன் வலை வீசிப் பிடிக்கிறார். மேலே இழுத்தபோது அவள் உயிரோடு இல்லை. வலை திடீரென நிறுத்தியதால் கழுத்து முறிந்தது என்று பின்னர் ஆசிரியர் பக்கமே விளக்கம் தந்தது. விழும் உடலின் வேகத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்திருந்தால் விளைவு வேறாகியிருக்கும் என்று இயற்பியல் ஆசிரியரான உறுப்பினர் கரும்பலகையில் அம்புக்குறிகள் இட்டு விளக்கினார். ஆனால் வலை வீசாமல் இருந்தாலும் அவள் பிழைத்திருக்க மாட்டாள். தவறான தேர்வு என்று எதையும் சுட்ட முடியாமல், குற்ற உணர்வு மட்டும் மிஞ்சும் கதை அது என்பதால் விவாதிக்க அதிகம் இருக்கவில்லை. வீட்டுக்குப் போகும்போது பலரும் பேசாமல் நடந்தார்கள்.

ஆண்டின் பின்பகுதி வில்லன்களுக்கு உரியது. என் பார்வையில் இவ்வாண்டின் உண்மையான பயன் இப்பகுதியில்தான் கிடைத்தது. 1954-இல் அமெரிக்கப் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே வகுத்துக்கொண்ட காமிக்ஸ் நெறிமுறை, குற்றவாளியின் மேல் வாசகருக்கு இரக்கம் பிறக்கும்படி குற்றத்தைக் காட்டக் கூடாது என்றும், எந்நிலையிலும் தீமையை நன்மை வெல்ல வேண்டும் என்றும் விதித்தது. இரக்கத்துக்கு இடமில்லாத ஒருவனுக்குத் தயக்கம் எழுத முடியாது. தயக்கம் இல்லாதவனுக்குத் தேர்வும் இல்லை. அக்காலத்து வில்லன்கள் வங்கியைக் கொள்ளையடிப்பதற்கு விசித்திரமான துப்பாக்கிகளை மட்டும் கண்டுபிடித்துக்கொண்டிருந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். 1971-இல் அந்த விதி தளர்ந்த பிறகு என்ன நடந்தது என்பதற்கு எக்ஸ்-மென் கதைகளின் வில்லனான மேக்னீட்டோ நல்ல எடுத்துக்காட்டு. 1963-இல் உலகை ஆள வந்த வெறும் கொடுங்கோலனாக அறிமுகமான அவன், 1981-ஆம் ஆண்டின் ஒரு கதையில் கிட்டி பிரைட் என்ற சிறுமியைக் கொன்றுவிட்டதாக எண்ணித் திகைத்து நிற்கிறான். ஆஷ்விட்ஸ் முகாமில் வளர்ந்தவன் அவன் என்பது அங்கேதான் வெளிப்படுகிறது. பிறவியிலேயே அதீத ஆற்றல் கொண்ட மியூட்டண்ட் என்னும் தன் இனத்துக்கு இன்னொரு முகாம் வந்துவிடக் கூடாது என்று கிளம்பியவன், தன்னை வதைத்தவர்களின் இடத்தில் தானே நிற்பதைக் கண்டு பின்வாங்குகிறான். அவன் அஞ்சிய ஆபத்து பொய்யானது என்று நம் வட்டத்தில் ஒருவரும் சொல்லவில்லை. அவன் கையாண்ட வழியைப் பற்றியே பேச்சு நீண்டது.

பேட்மேனின் எதிரிகளில் ஒருவனான மிஸ்டர் ஃப்ரீஸ் கதையும் அவ்வாறே. 1959-இல் வேறு பெயரில் பனித் துப்பாக்கியோடு வந்த அந்தச் சில்லறைத் திருடனுக்கு, 1992-ஆம் ஆண்டின் தொலைக்காட்சி அசைபடத் தொடர்தான் நோயுற்ற மனைவியையும், அவளை உறைநிலையில் காத்துவந்த கருவியை நிறுத்தச் சொன்ன ஒரு முதலாளியையும் கொடுத்தது. அம்முதலாளியைப் பழிவாங்க வரும் ஃப்ரீஸைப் பேட்மேன் தடுக்கிறார். ஆனால் முதலாளியின் குற்றத்தையும் மறைக்காமல் வெளியிடுகிறார். இருவரில் யார் வில்லன் என்று கேட்டபோது கூட்டம் சரிபாதியாகப் பிரிந்தது.

1986–87-இல் வெளிவந்த வாட்ச்மென் தொடரைப் படித்தே ஆக வேண்டும் என்று இளைய உறுப்பினர்கள் வற்புறுத்தினர். அணுப்போரைத் தடுப்பதற்காக நியூயார்க்கில் பல லட்சம் பேரைக் கொன்று, பழியை வேற்றுலக உயிரின் மேல் சுமத்தி, இரு வல்லரசுகளையும் கைகுலுக்க வைக்கிறான் முன்னாள் நாயகனான ஓஸிமாண்டியாஸ். எல்லாம் முடிந்த பிறகே மற்ற நாயகர்களுக்குத் தெரிகிறது. உண்மையைச் சொன்னால் வந்த அமைதி குலையும். மறைத்தால் கொலைக்கு உடந்தை. அந்த நாயகர்களில் வாயை மூடிக்கொள்ள மறுக்கும் ரோர்ஷாக்கை, இன்னொரு நாயகரான டாக்டர் மன்ஹாட்டன் கொல்கிறார். பேசாமல் இருந்தவர்களை நம் உறுப்பினர்களில் பலர் ஆதரித்ததும், பேசத் துணிந்த ரோர்ஷாக்கைக் கொள்கை அளவில் மட்டும் பாராட்டியதும் எனக்கு வியப்பளித்தன. அவர் மற்ற எல்லா வகையிலும் அருவருக்கத்தக்க ஆள் என்பதை நான் மறுக்கவில்லை. அந்த ஒரு முடிவில் சரியாக நின்றவர் அவர்தான் என்ற என் கருத்தை இங்கேயும் பதிவு செய்கிறேன்.

இத்தனைக்கும் நடுவில், நம்மவர்கள் இக்கேள்வியைச் சிறுவயதிலேயே சந்தித்துவிட்டார்கள் என்பதைப் பழைய இதழ்களின் கண்காட்சி காட்டியது. சிவகாசியிலிருந்து 1972-இல் முத்து காமிக்ஸ் தமிழுக்குக் கொண்டுவந்த பிரிட்டிஷ் நாயகரான இரும்புக்கை மாயாவி, மின்சாரம் பாய்ந்து உடல் மறையும் ஆற்றல் கிடைத்ததும் தம் முதல் கதையில் இறங்கியது குற்றத்தில்தான். நிழற்படை என்ற இரகசிய அமைப்பில் சேர்ந்து நல்லவரானது பிறகு. லயன் காமிக்ஸ் வழியாக வந்த, ஸ்பைடர்மேனோடு தொடர்பில்லாத, ஸ்பைடர் என்ற இன்னொரு பிரிட்டிஷ் பாத்திரமோ குற்றவாளிகளுக்கு மன்னனாக முடிசூட வந்தவன். பிறகு அதே ஆணவம் குறையாமல் குற்றவாளிகளையே வேட்டையாடினான். ஆங்கில மூலத்தில் அந்த ஸ்பைடர் கதைகளில் பலவற்றை எழுதியவர் சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் என்பதை அறிந்து மூத்த வாசகர்கள் மகிழ்ந்தனர். தங்கள் சேமிப்பிலிருந்து நைந்த இதழ்களைக் கொண்டுவந்து, பிறர் தொட்டுப் புரட்டவும் மனமுவந்து அனுமதித்த உறுப்பினர்களுக்கு வட்டத்தின் நன்றி உரியது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். கூட்டங்களுக்கு இடம் தந்த நூலகத்தாருக்கும், நேரம் கடந்தும் விளக்கை அணைக்காமல் காத்திருந்த பணியாளருக்கும் நன்றி தெரிவித்துக்கொள்கிறேன். பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை வாட்ச்மென் கூட்டத்துக்கு அழைத்து வந்தது குறித்து இரு பெற்றோர் எழுப்பிய ஆட்சேபத்தைச் செயற்குழு ஏற்று, இனி கூட்ட அறிவிப்பிலேயே வயது வரம்பைக் குறிப்பிடுவது என முடிவு செய்துள்ளது.

வரும் ஆண்டுக்கு இரண்டு பொருள்கள் முன்மொழியப்பட்டுள்ளன. 1940-இல் ராபின் வந்த நாள் முதல், சிறுவர்களைச் சண்டைக்கு அழைத்துச் செல்லும் நாயகர்களை என்ன சொல்வது என்பது ஒன்று. முகமூடியணிந்தோர் அரசிடம் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டத்தால் நாயகர்களே இரு அணியாகப் பிரிந்து மோதிய 2006–07-ஆம் ஆண்டுக் கதைத்தொடர் மற்றொன்று. செயற்குழு முதலாவதை விரும்புகிறது. மூத்த உறுப்பினர் இரண்டாவதற்காக எழுத்து மூலம் விண்ணப்பித்துள்ளார். இரண்டில் எது என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யுமாறும், இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறும் வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்